பெருங்கொம்பு மான் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பர் மாத நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும் மான் வேட்டைப் பருவத்தில், துப்பாக்கியுடன் காட்டுக்குள் நுழைய உரிமம் எடுப்பவர்கள் ஏறத்தாழ 5.5 லட்சம் பேர். அண்மை ஆண்டுகளில் அந்த ஒன்பது நாளுக்குள் அவர்கள் வீழ்த்தும் கொம்புள்ள ஆண் மான்களின் எண்ணிக்கை 80 ஆயிரத்துக்கும் 1 லட்சத்துக்கும் இடையில் இருந்துவருகிறது. அதாவது, ஆறேழு பேரில் ஒருவருக்குத்தான் ஓர் ஆண் மான் கிடைக்கிறது. அந்த ஒருவருக்குக் கிடைத்ததும் பெரும்பாலும் இளம் மானாகவே இருக்கும். ஆனால் பருவம் தொடங்குவதற்கு வாரங்கள் முன்பிருந்தே இரும்புக் கடையிலும் எரிபொருள் நிலையத்திலும் தேநீர் வேளையிலும் எல்லோர் பேச்சிலும் நிற்பது ஒரே உருவம்தான்: பத்துக் கிளையுள்ள, தடித்த தண்டுள்ள, பாடம் செய்து கூடத்தில் மாட்டத் தகுந்த கொம்புடைய வெள்வால் மான். இங்கே அதை டிராபி பக் என்பார்கள். ஒரு சாதாரண வேட்டைக்காரனுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது அது கிடைப்பதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. வேலைக்காக இந்த மாநிலத்துக்கு வந்து குடியேறி, பக்கத்துப் பண்ணையின் முதியவரிடம் வேட்டை கற்றுக்கொண்டவன் நான். இந்தக் கேள்வியைச் சுற்றியே என் இலையுதிர் காலங்கள் கழிந்திருக்கின்றன.

வேட்டை என்றாலே குற்றம் என்று சட்டமும் மனமும் சேர்ந்து சொல்லும் நாட்டில் வளர்ந்த வாசகருக்கு ஒரு சிறு விளக்கம் தேவை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு மானைக் கொல்வதைத் தடைசெய்திருக்கிறது. அங்குள்ள நிலைமைக்கு அது சரியான சட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. வட அமெரிக்காவின் கதை வேறு. சந்தைக்காகக் கணக்கில்லாமல் சுட்டதால் 1900 வாக்கில் சில லட்சங்களாகச் சுருங்கிவிட்ட வெள்வால் மான் இனம் இன்று ஏறத்தாழ 3 கோடியாகப் பெருகியிருக்கிறது. மான் இறைச்சி விற்பனை நின்றதும், பருவமும் உரிமமும் எண்ணிக்கை வரம்பும் விதிக்கப்பட்டதும், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் வேட்டைக்காரர்கள் கட்டும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கே ஒதுக்கிய 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டமும் அந்த மீட்சிக்கு முக்கியக் காரணங்கள். ஓநாயும் பூமாவும் பெரும்பாலான இடங்களிலிருந்து போய்விட்ட பிறகு, பெருகும் மான் கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் பொறுப்பில் பெரும்பங்கு மனிதன்மீது விழுந்திருக்கிறது. எங்கள் வீட்டு உறைபெட்டியில் இருக்கும் இறைச்சியும் அந்தப் பொறுப்பின் வழியே வந்ததுதான்.

இனி, பெருங்கொம்பு என்பதற்கு அளவு என்ன? தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல்லும் 1887-இல் தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கழகம் 1950-இல் வகுத்த அளவீட்டு முறைதான் இன்றும் நாடெங்கும் பேசப்படுவது. கழகத்தின் முழுப் பதிவேட்டில் இடம்பெற, இருபுறமும் ஒத்து வளர்ந்த இயல்பான கொம்புக்கு 170 அங்குலமும், ஒழுங்கற்றுக் கிளைத்த கொம்புக்கு 195 அங்குலமும் குறைந்தபட்சம் வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை வெளியாகும் பதிவுக்கு அவை முறையே 160, 185. வில் வேட்டைக்காரர்களுக்காக 1961-இல் உருவான போப் அண்ட் யங் கழகம் வைத்திருக்கும் வரம்பு 125, 155.

இந்த அங்குலங்கள் எப்படிச் சேர்கின்றன என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் 170 என்ற எண்ணின் உயரம் விளங்கும். பக்கத்துப் பண்ணையாரின் மகன் வில்லால் வீழ்த்திய எட்டுக் கிளை மான் ஒன்றின் கொம்பை, விதிப்படி அறுபது நாள் காயவைத்த பிறகு, அவர்களுடைய கராஜ் மேசையில் வைத்து அளந்தோம். கால் அங்குல அகலமுள்ள எஃகு நாடா. எட்டில் ஒரு பங்கு அங்குலம் வரை கணக்கு. இரு தண்டுகளுக்கும் இடையே உட்புற அகலம் 16 4/8. வலத் தண்டின் நீளம் அடி வளையத்திலிருந்து நுனிவரை வெளிப்புறமாக வளைந்து சென்று 22, இடத் தண்டு 21 4/8. நெற்றிக்கு மேலே எழும் முதல் கிளைகள் 4, 4 4/8. இரண்டாம் கிளைகள் 9, 8 2/8. மூன்றாம் கிளைகள் 7 4/8, 7. பிறகு ஒவ்வொரு தண்டிலும் நான்கு இடங்களில் சுற்றளவு எடுக்க வேண்டும். நான்காம் கிளை இல்லாத எட்டுக் கிளை மானுக்கு நான்காவது சுற்றளவை மூன்றாம் கிளைக்கும் தண்டின் நுனிக்கும் நடுவே எடுப்பது வழக்கம். சுற்றளவுகள் பக்கத்துக்கு 15 வீதம் 30 அங்குலம். எல்லாவற்றையும் கூட்டினால் 130 2/8. வலத்துக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடுகள் 2 2/8 கழிந்து, முடிவில் 128. நேரில் பார்த்த எவரும் பெரிய கொம்பு என்று வாய்விட்டுச் சொன்ன கொம்பு அது. போப் அண்ட் யங் வரம்பை மூன்று அங்குலத்தில் தாண்டுகிறது. 170-ஐ எட்ட இன்னும் 42 அங்குலம் வேண்டும். அதற்கு இருபுறமும் நீண்ட நான்காம் கிளைகள் முளைத்திருக்க வேண்டும், தண்டுகள் நாலைந்து அங்குலம் கூடுதலாக ஓடியிருக்க வேண்டும், எல்லாக் கிளைகளும் ஓரிரு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும், சுற்றளவும் தடித்திருக்க வேண்டும். இத்தனையும் ஒரே தலையில் ஒரே ஆண்டில் நிகழ்ந்தாக வேண்டும்.

இப்போது தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். அமெரிக்கா முழுவதும் ஆண்டொன்றுக்கு வேட்டையில் வீழும் கொம்புள்ள வெள்வால் ஆண் மான்கள் 30 லட்சம் அளவில் இருக்கின்றன. பூன் அண்ட் கிராக்கெட் பதிவுக்கு ஆண்டுதோறும் வருபவை சில நூறு. தகுதி இருந்தும் பதிவு செய்யாமல் விடுபவர்கள் ஏராளம் என்பதால், தகுதியுள்ளவை ஆண்டுக்கு 2,000 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1,500 ஆண் மான்களில் ஒன்று. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஓர் ஆண் மானை வீழ்த்தும் ஒருவர் நாற்பது ஆண்டு வேட்டையாடினால் அவருக்குக் கிடைப்பவை இருபது மான்கள். சராசரிக் கணக்கில் அத்தகைய எழுபத்தைந்து பேரில் ஒருவருக்கே பதிவேட்டு மான் கிடைக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒன்று என்பதே பலருக்கு எட்டாத விகிதம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலோர் ஒரு முறைகூட அப்படிப்பட்ட விலங்கின்மீது குறிவைக்காமலேயே துப்பாக்கியைப் பேரனிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்பது புரியும்.

ஆனால் சராசரிக் கணக்கு இந்த விஷயத்தின் மேல்தோல் மட்டுமே. வாய்ப்பு எல்லோருக்கும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. அது சில இடங்களில் குவிந்தும் பல இடங்களில் அறவே இல்லாமலும் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பதில் வேட்டைக்காரனின் குறிபார்க்கும் திறனும் பொறுமையும் மிகச் சிறிய பங்கே வகிக்கின்றன என்பது என் முடிவு. அந்த மானுக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது அது யார் முன்னே வந்து நின்றது, அவர் விரல் என்ன செய்தது என்பதில்தான் முக்கால் பங்கு அடங்கியிருக்கிறது.

மானின் கொம்பு மாட்டின் கொம்பைப் போல வாழ்நாள் முழுவதும் வளர்வது அன்று. ஆண்டுதோறும் வசந்தத்தில் முளைத்து, மெல்லிய மயிர்த்தோலுக்குள் கோடை முழுக்க வளர்ந்து, செப்டம்பர் வாக்கில் தோல் உரிந்து முழு எலும்பாகி, குளிர்காலத்தின் பின்பகுதியில் உதிர்ந்துவிடும். இந்த எலும்பை உருவாக்க மான் தன் விலா எலும்புகளிலிருந்துகூடச் சுண்ணாம்புச் சத்தைக் கடன் வாங்குகிறது. ஒன்றரை வயதில் அதன் உடலே இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், கொம்புக்குச் செல்ல மிஞ்சுவது குறைவு. அந்த வயதில் தெரிவது அதன் உச்ச அளவில் கால் பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல். இரண்டரை வயதில் பாதியைத் தாண்டும். மூன்றரையில் முக்காலை நெருங்கும். ஐந்தரை முதல் ஏழரை வயதுக்குள்தான் உச்சத்தைத் தொடும். உணவும் மரபும் வயதோடு சேர்ந்து வேலை செய்கின்றன என்றாலும், காட்டில் திரியும் மானின் மரபணுவை எந்த வேட்டைக்காரனும் மாற்ற முடியாது. உணவை ஓரளவே கூட்டலாம். வயது ஒன்றுதான் மனிதன் கையில் இருக்கிறது, அதுவும் சுடாமல் விடுவதன் மூலம் மட்டும்.

ஒன்றரை வயதை எட்டிய 100 ஆண் மான்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் அவற்றில் நூற்றுக்கு 60 வேட்டையிலும் சாலை விபத்திலும் குளிரிலும் போய்விடும் ஒரு பகுதியில், இரண்டரை வயதில் 40 மிஞ்சும், மூன்றரையில் 16, நாலரையில் 6, ஐந்தரையில் 2 அல்லது 3. அதே 100 மான்களில் ஆண்டுக்கு 30 மட்டும் போகும் இடத்தில் வரிசை 70, 49, 34, 24 என்று இறங்கும். ஐந்தரை வயதில் இரண்டுக்கும் இருபத்து நான்குக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழப் பத்து மடங்கு. அந்த வயதை எட்டியவற்றிலும் பெரும்பாலானவை 160-ஐத் தொடுவதில்லை என்பதால், இரண்டு மான் மிஞ்சும் இடத்தில் பதிவேட்டு மான் ஒரு தலைமுறையில் ஒருமுறை தோன்றினாலே அதிசயம். இருபத்து நான்கு மிஞ்சும் இடத்தில் ஊருக்கு ஒருவராவது அப்படி ஒன்றைப் பார்த்திருப்பார். எந்தத் துப்பாக்கியும், எந்த உருமறைப்பு உடையும், வாசனையை மறைப்பதாக விளம்பரம் செய்யும் எந்தத் திரவமும் ஒருவரின் வாய்ப்பைப் பத்து மடங்கு உயர்த்தியதில்லை.

அந்த ஒன்றரை வயது மான் எப்படி வந்து நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டும். நவம்பர் இரண்டாம் வாரத்தில் இணைசேரும் பருவம் உச்சத்தில் இருக்கும்போது, ஓக் மரத்தில் பதினைந்து அடி உயரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்திருப்பேன். முதிர்ந்த ஆண் மான் காற்றைப் பார்த்து, காற்றுக்கு எதிராக, பள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அடர்ந்த முட்புதரின் மறைவிலேயே நகரும். இளையதோ திறந்த புல்வெளியின் நடுவே தலையைத் தாழ்த்திக்கொண்டு, பெண் மான் போன வழியை மோப்பம் பிடித்தபடி, நேராகப் பரணுக்குக் கீழேயே வந்துவிடும். நீண்ட கால்கள், ஒட்டிய வயிறு, பெண் மானுடையதைப் போன்ற மெல்லிய கழுத்து. காதுகளின் அகலத்தைக்கூட எட்டாத, விரல் தடிமனில் ஆறு கிளையுள்ள கொம்பு. வெள்வால் மான் காதுகளை விறைத்து நிற்கும்போது ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஏறத்தாழ பதினாறு அங்குலம் என்பது இங்கே எல்லோரும் மனத்தில் வைத்திருக்கும் அளவுகோல். கீழே நிற்கும் இளையவன் சருகுக்குள் கிடக்கும் ஓக் கொட்டைகளைப் பொறுக்கிக் கடிக்கும் ஓசை எனக்குக் கேட்கும். மூச்சு வெண்புகையாய் எழுவது தெரியும். பின்னங்காலின் முட்டிப் பகுதியில் சுரப்பி கசிந்து மயிர் கறுத்திருப்பதுகூடத் தெரியும். முதல் முறை வேட்டைக்கு வந்த எவருக்கும், குறிப்பாகச் சிறுவர்களுக்கு, அந்த மான் போதும். அவர்கள் சுடுவதில் எந்தத் தவறும் இல்லை, அந்த மகிழ்ச்சியைக் குறைத்துப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் பல பருவங்களைக் கண்ட ஒருவர் அதையும் சுட்டுவிட்டு, மாலையில் கொட்டகைக்கு வந்து எங்கள் பகுதியில் பெரிய மானே இல்லை என்று வருந்தினால், அந்த வருத்தத்தின் காரணம் அவருடைய வண்டியின் பின்புறத்திலேயே கிடக்கிறது.

இதில் ஒரு கசப்பான சிக்கல் உண்டு. ஆண் குட்டிகளில் பாதிக்கு மேல் ஒன்றரை வயதுக்குள் தாயின் எல்லையை விட்டு நீங்கி, சில மைல்கள் தள்ளிப் புதிய இடத்தில் குடியேறிவிடுகின்றன. வளர்ந்த ஆண் மானின் நடமாட்ட எல்லை ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர் அளவுக்கு விரியும். 40 அல்லது 80 ஏக்கர் வைத்திருக்கும் ஒருவர் விட்டுக்கொடுத்த இளம் மான் அடுத்த வேலியைத் தாண்டியதும் வேறொருவருடைய துப்பாக்கிக்கு இலக்காகிறது. தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனையை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். இளம் மானை விடுபவர் பனை வைப்பவர்தான், பார்ப்பதற்குக்கூட அவருக்கு உத்தரவாதம் கிடையாது. இதனால்தான் பல இடங்களில் பக்கத்துப் பக்கத்து நில உடைமையாளர்கள் கூடி, இந்த வயதுக்குக் கீழே சுடுவதில்லை என்று தங்களுக்குள் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் அப்படி ஒன்றுசேரும்போதுதான் மானின் வயது கூடத் தொடங்குகிறது.

சில மாநிலங்கள் அந்த ஒப்பந்தத்தைச் சட்டமாகவே ஆக்கிவிட்டன. பென்சில்வேனியாவில் ஒரு காலத்தில் வீழும் ஆண் மான்களில் ஐந்தில் நான்கு ஒன்றரை வயதுடையவையாக இருந்தன. அம்மாநில மான் திட்டத்தின் பொறுப்பில் இருந்த உயிரியலாளர் கேரி ஆல்ட் ஊர் ஊராகச் சென்று, கோபமான கூட்டங்களுக்கு முன்னால் நின்று, மான் கூட்டத்தின் வயது அமைப்பை விளக்கினார். 2002-இல் பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கக் கொம்பில் மூன்று கிளைகளேனும், மேற்குப் பகுதியில் நான்கேனும் இருந்தால்தான் சுடலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதே 2002-இல் இந்தியானா ஆண்டுக்கு ஒருவருக்கு ஓர் ஆண் மான் என்று வரம்பு விதித்தது. விதி இல்லாத மாநிலங்களிலும் வேட்டைக்காரர்கள் தாமாகவே மாறினார்கள். 1989-இல் நாடு முழுவதும் வீழ்ந்த கொம்புள்ள ஆண் மான்களில் 62 விழுக்காடு ஒன்றரை வயதுடையவை. இன்று அந்தப் பங்கு கால்வாசி அளவுக்கு இறங்கி, மூன்றரை வயதும் அதற்கு மேலும் உள்ளவை ஐந்தில் இரண்டை எட்டியிருக்கின்றன. ஒரு தலைமுறைக்குள், கோடிக்கணக்கான தனித்தனி முடிவுகளால், யாரும் கட்டாயப்படுத்தாமலேயே பெரும்பாலும் நிகழ்ந்த மாற்றம் இது. இன்று வேட்டை தொடங்கும் இளைஞனுக்குப் பெரிய மானைக் காணும் வாய்ப்பு அவனுடைய தாத்தாவுக்கு இருந்ததைவிட அதிகம் என்று நான் துணிந்து சொல்வதற்கு இந்த எண்களே ஆதாரம்.

மண்ணுக்கும் பங்கு உண்டு. பூன் அண்ட் கிராக்கெட் பதிவுகளில் விஸ்கான்சின் மாநிலம் முன்னணியில் நிற்பதற்கும், அதில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள பஃபலோ கவுண்டி நாட்டிலேயே முதலிடம் பிடித்ததற்கும், பனிப்பாறைகள் சமன்செய்யாமல் விட்ட செங்குத்துக் குன்றுகளும், அவற்றின்மேல் காற்று கொண்டுவந்து படிய வைத்த வளமான வண்டலும், பள்ளத்தாக்குகளில் விளையும் சோளமும் சோயாவும் சேர்ந்தே காரணம். குன்றின் சரிவு மறைவிடம் தருகிறது. வயல் உணவு தருகிறது. மறைவிடம் இருப்பதால் மான் வயதாகிறது. அயோவா இன்னொரு வகையில் புகழ் பெற்றது. அங்கே பொதுவான துப்பாக்கி வேட்டையை இணைசேரும் பருவம் முடிந்த பிறகு டிசம்பரில் வைத்திருக்கிறார்கள். ஆண் மான்கள் எச்சரிக்கையை மறந்து பகலில் அலையும் நவம்பர் நாள்களில் பெரும்பாலும் வில்லுக்கு மட்டுமே அனுமதி. வெளிமாநிலத்தவருக்கு ஆண் மானையும் சுடத்தக்க உரிமங்கள் 6,000 மட்டுமே, அதனால் நல்ல பகுதிகளுக்குப் பல ஆண்டு காத்திருக்க வேண்டும். இதற்கு மறுகோடியில் ஃபுளோரிடாவின் கீஸ் தீவுகளில் வாழும் வெள்வால் மான் ஒரு பெரிய நாயின் எடையே உள்ளது. அது சட்டப் பாதுகாப்பில் இருப்பதால் வேட்டைப் பேச்சுக்கே அங்கே இடமில்லை.

பெருங்கொம்புகளின் வரலாறும் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. இயல்பான கொம்பில் உலகச் சாதனை 213 5/8 அங்குலம். கனடாவின் சஸ்காச்சவான் மாகாணத்தில் பிகர் ஊருக்கு அருகே 1993 நவம்பர் 23 அன்று மைலோ ஹான்சன் என்ற விவசாயி, அண்டை அயலாருடன் சேர்ந்து வேட்டையாடிய நாளில் வீழ்த்தியது. தொழில்முறை வழிகாட்டியோ, வாடகைக் காடோ அதில் இல்லை. அதற்கு முன் சாதனையாக இருந்த 206 1/8 அங்குலக் கொம்பு, 1914-இல் வடமேற்கு விஸ்கான்சினில் ஜேம்ஸ் ஜார்டன் என்பவர் வீழ்த்தியது. பாடம் செய்பவரிடம் கொடுத்த தலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1964-இல், மினசோட்டாவின் பழைய பொருள் விற்பனை ஒன்றில் அது 3 டாலருக்கு விலை போனது. அது ஜார்டனுடைய மான்தான் என்று கழகம் ஏற்றுக்கொண்டது 1978 டிசம்பரில். அவரோ அக்டோபரிலேயே இறந்துவிட்டார். ஒழுங்கற்ற கொம்பில் முதலிடத்தில் இருக்கும் மிசௌரியின் 333 7/8 அங்குல மானும், அடுத்திருக்கும் ஒஹாயோவின் 328 2/8 அங்குல மானும் முறையே 1981-இலும் 1940-இலும் இறந்து கிடக்கக் கண்டெடுக்கப்பட்டவை. எந்த வேட்டைக்காரனும் வீழ்த்தாத மான்கள் அவை. யார் கண்ணிலும் சிக்காமல் வயதாக இடம் கிடைத்ததால்தான் அவை அந்த அளவை எட்டின.

பணம் இந்த வாய்ப்பை விலைக்கு வாங்க முயல்வதைப் பற்றி நீளமாக எழுத விருப்பமில்லை. உயர்ந்த வேலிக்குள் தீவனம் போட்டு, தேர்ந்தெடுத்த தந்தை மான்களின் விந்தால் இனம் பெருக்கி, அங்குலத்துக்கு விலை வைத்துச் சுடவிடும் பண்ணைகள் இருக்கின்றன. தப்பிச் செல்ல வழியுள்ள விலங்கை மட்டுமே நேர்மையான வேட்டையாக பூன் அண்ட் கிராக்கெட் கழகம் ஏற்கிறது. வேலிக்குள் வீழ்ந்த கொம்புக்கு அதன் பதிவேட்டில் இடமில்லை. அது சரியான விதி. நல்ல நிலத்தைப் பெருந்தொகைக்குக் குத்தகை எடுப்பது அவ்வளவு மோசமில்லை என்றாலும், முன்பு கதவைத் தட்டி அனுமதி கேட்டு வேட்டையாடிய உள்ளூர்த் தொழிலாளிக்கு இடமில்லாமல் போவதை நான் கண்ணால் பார்த்துவருகிறேன். அது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தருகிறது.

எங்கள் பகுதியில் இப்போது இந்தக் கணக்கையெல்லாம் குலைக்கும் ஒன்று வந்திருக்கிறது. கொலராடோவில் 1967-இல் அடைத்து வளர்க்கப்பட்ட மான்களிடம் முதன்முதலில் கவனிக்கப்பட்ட, மூளையைச் சிதைக்கும் நெடுநாள் மெலிவு நோய், 2002-இல் விஸ்கான்சினின் மவுண்ட் ஹோரெப் அருகே கண்டறியப்பட்டது. பிரியான் என்னும் உருக்குலைந்த புரதத்தால் பரவும் இந்த நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை; மண்ணில் விழுந்த பிரியான் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். மாநிலத்தின் தென்மேற்கில் சில பகுதிகளில் சோதிக்கப்படும் வளர்ந்த ஆண் மான்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் நோய் இருக்கிறது. பெண் மானைவிட ஆண் மானுக்கும், இளையதைவிட மூத்ததற்கும் தொற்று அதிகம். இணைதேடித் தொலைதூரம் அலையும் மூத்த ஆண் மான் அதைப் புதிய இடங்களுக்கும் கொண்டுபோகிறது. நோயுற்ற மான் மற்றவற்றைவிட மிக விரைவில் இறக்கிறது. வேட்டைக்காரர்கள் சுடாமல் காத்த வயதை நோய் எடுத்துக்கொள்கிறது. மான் ஐந்தரை வயதை எட்ட வேண்டும் என்று நான் மேலே வாதிட்டது அனைத்தும், நோயைக் குறைக்க மூத்த ஆண் மான்களைக் கூடுதலாக எடுக்க வேண்டும் என்று சொல்லும் உயிரியலாளர்களின் வாதத்தோடு இங்கே நேருக்கு நேர் மோதுகிறது. அவர்கள் சொல்வதை ஒதுக்கித்தள்ள என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

பக்கத்துப் பண்ணையாரின் சமையலறையில் நாங்கள் சில அண்டை வீட்டார் உட்கார்ந்து, சூடாகவே பேசி, ஓர் ஏற்பாட்டுக்கு வந்திருக்கிறோம். முதல் மானைத் தேடும் சிறுவர்களுக்கு எந்த வரம்பும் இல்லை. மற்றவர்கள் ஒன்றரை வயது ஆண் மானை விட்டுவிடுவோம். கழுத்து மார்போடு சேர்ந்து தடித்து, வயிறு சரிந்து, கால்கள் குட்டையாகத் தெரியத் தொடங்கிய மூன்றரை வயது மானை, அதன் கொம்பு 100 அங்குலமே ஆனாலும், இன்னும் இரண்டு ஆண்டு வளரட்டும் என்று இனி விடுவதில்லை. பெண் மான்களையும் உரிமம் அனுமதிக்கும் அளவுக்கு எடுப்போம். வீழும் ஒவ்வொரு மானின் தலையும் இயற்கை வளத் துறையின் சோதனைப் பெட்டிக்குப் போகும். முடிவு வரும்வரை இறைச்சி தனியாக உறைந்திருக்கும். நோய் உண்டு என்று வந்தால் அதை உண்ணாமல் துறை சொல்லும் முறைப்படி அப்புறப்படுத்துவோம். இந்த ஏற்பாட்டில் 128 அங்குல மான்கள் எங்கள் பள்ளத்தாக்கில் அவ்வப்போது கிடைக்கும் என்று நம்புகிறோம். 170 அங்குலம் எங்களில் யாருக்கும் கிடைக்காமலே போகலாம் என்பதைத் தெரிந்துதான் மேசையைச் சுற்றி இருந்த அனைவரும் ஒப்புக்கொண்டார்கள்.